உங்கட ஆக்கள்ற கதை

பெப்ரவரி நாலாம் தேதி இலங்கையின் சுதந்திர தினம். பாரிசில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் அன்றைக்குக் கறுப்புப் பட்டி குத்திக்கொள்வோம்; கரிநாள் என்போம். சிங்களவருக்குக் கிடைத்த சுதந்திரம் தமிழருக்கு விலங்கு என்று வருசா வருசம் மேடையில் பேசுவார்கள். பொய் இல்லை. நானும் போய்க் கை தட்டியிருக்கிறேன்.

இந்த முறை என் மகளும் பேசுவதாக இருந்தது. லீசேயில், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, இதற்காகத் தமிழில் மனப்பாடம் செய்தாள். பாரிஸ் புறநகர் கூசேன்வில் வீட்டில் நான் சமைக்கும்போது பக்கத்தில் நின்று ஒப்பிப்பாள். நான் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவள்; வடக்குத் தமிழர் சிலர் எங்களை இளக்காரமாகத் ‘தோட்டக்காட்டார்’ என்பார்கள். சுதந்திரக் கொடி ஏறிய அதே வருசம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சட்டம் போட்டு, என் தாத்தாவையும் தோட்டத்துச் சனத்தையும் நாடற்றவர்கள் ஆக்கினார்கள். குடியுரிமைக்குக் கடும் நிபந்தனை போட்டு அடுத்து வந்த சட்டத்துக்கு வடக்குத் தமிழ்த் தலைவர்கள் சிலரும் கை தூக்கினார்கள். இதை மகள் நாலு வரியில் சேர்த்திருந்தாள். அந்த நாலு வரியை மேடையில் கேட்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன்!

லா சப்பலில் ரூ பெர்தொனே தெருவுக்குப் பக்கத்து மண்டபம். தொடங்குமுன் அவளை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்ட கூட்டப் பொறுப்பாளர் முகத்தைச் சுளித்தார்.

“பிள்ளை, அந்த நாலு வரியை விடுங்கோ.” என் பக்கம் திரும்பினார். “குறை நினையாதையுங்கோ தங்கச்சி. இண்டைக்கு எங்கட பிரச்சினையைத்தான் கதைக்கிறம். அது உங்கட ஆக்கள்ற கதை.”

எங்கட, உங்கட! ஒரு எழுத்துதான் வித்தியாசம். பட்டி குத்தும்போது மட்டும் எல்லாரும் ஒரே தமிழர்.

“நோன்” என்று மறுத்தாள் மகள். சொன்னால் முழுதும் சொல்வேன், இல்லாவிட்டால் ஏறவே மாட்டேன் என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முறை வந்தது. பொறுப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பிள்ளை இஞ்சை பிறந்தது. தமிழ் வராது, வெக்கப்படுது.”

சனமும் சேர்ந்து சிரித்தது. அடப்பாவி மனுசா! எழுந்துவிட்டேன்.

“எம் மகளுக்குத் தமிழ் நல்லா வருங்க! எங்க தாத்தாவ நாடில்லாம ஆக்குனதச் சொல்ல வந்தா. அதச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் தடுத்தீங்க!”

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தப் பிள்ளை பேசட்டும் என்று சொல்ல மாட்டாரா என்று பார்த்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்:

“நீங்கள் தோட்டக்காட்டு ஆக்களோ?”