ஜன்னல் வழியே போன பாஸ்போர்ட்

என் கணவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கல்யாணமாகி நான் அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் படபடக்கிறது!

விசா விஷயமாக இருவரும் ஓர் ஆபீசுக்குப் போய்விட்டு, வீடு திரும்ப பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நீள வரிசை. பஸ் வந்ததும் எனக்கு எங்கள் ஊர் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம்தான். ஓடிப்போய், திறந்திருந்த ஜன்னல் வழியாக என் கைப்பையைக் காலி சீட்டில் போட்டு இடம் பிடித்துவிட்டேன். பெருமையோடு வாசலுக்கு வந்தால், கூட்டம் நிறைந்து கதவு தானாகவே மூடிக்கொண்டது. பஸ் கிளம்பியேவிட்டது!

"ஐயோ, என்னங்க! பாஸ்போர்ட் ரெண்டும் அதுலதாங்க இருக்கு!"

"அடிப்பாவி! ஓடியா!" என்று அவர் பாய்ந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

அடுத்த ஸ்டாப்பில் ஓர் அம்மாள் என் பையோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஜன்னல் வழியா பை வந்து விழுந்ததுமே நம்ம பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் இறங்கிட்டேன். எனக்கு அரியலூரு. நீங்க எந்த ஊருங்க?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அன்றிலிருந்து பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில்தான் நிற்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அதே பழக்கத்தில் ஜெயங்கொண்டத்திலும் ஒதுங்கி நின்றேன். கும்பகோணம் வரை நின்றுகொண்டேதான் போனேன்! திரும்பும்போது அவருடைய துண்டை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்தேன். பை மட்டும் கக்கத்தை விட்டு இறங்கவில்லை.

– வளர்மதி, சிங்கப்பூர்