அப்பாவின் முழங்கால் தைலம்

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை போட வேண்டியிருந்தது. மாதாமாதம் அவரைச் சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த லீவெல்லாம் இதிலேயே கரைந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குப் பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் கசிந்தது. அடிபடாமலே கைகால்களில் நீலம் பாய்ந்தது. ரத்தம் உறைய அளவுக்கு மீறி நேரமாகிறது என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த பரிசோதனையிலும் அதே கதை.

"வலி மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

"சத்தியமா இல்லைங்க."

எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டில் சட்டைப் பை, தலையணை அடி எல்லாம் துழாவினேன். "என்னையத் திருடனாட்டம் பாக்குற" என்று அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த முறை, ஏசி அறைக்குள் போனதும் டாக்டர் மூக்கைச் சுளித்தார். "என்ன தடவியிருக்கீங்க?"

தம்பி கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்த விண்டர்கிரீன் இலைத் தைலம். அப்பா அதை முழங்கால் மூட்டு வலிக்குக் காலையும் மாலையும் தேய்த்து, மேலே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வார். வீடே அந்த வாசனையாகிவிட்டதில் எங்கள் மூக்குக்கு அது உறைக்கவேயில்லை.

"அதுல இருக்கிறது ஆஸ்பிரினுக்குச் சொந்தக்கார மருந்து. தோல் வழியா உள்ள போகும். துணி கட்டுனா இன்னும் கூடுதலாப் போகும். உங்க மாத்திரையோட சேர்ந்தா ரத்தம் நிக்காது."

"தடவத்தானங்க செஞ்சேன், குடிக்கவா செஞ்சேன்?" என்றார் அப்பா.

திரும்பும் பஸ்ஸில் சமயநல்லூர் தாண்டும்வரை புலம்பினார். "எம்புட்டு சுகமா இருந்துச்சு தெரியுமா? அந்தாளுக்கு மூட்டு வலி வந்தாத்தான் தெரியும்."

"ரத்தம் கொட்டுனா யாருப்பா ஓடுறது?" என்று நான் கத்தியதில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

தைலத்தை நிறுத்தியதும் நீலம் மறைந்தது, ரத்தமும் ஒழுங்குக்கு வந்தது. வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும் என்றார்கள். சூடு போதாது, சூடு அதிகம் என்று தினமும் எனக்கு ஏச்சு.

தைலத்தை நிறுத்தியதைக் கேள்விப்பட்டு ஒருநாள் ராத்திரி தம்பி போன் செய்தான். "அக்கா, அது இலையில எடுத்த தைலந்தான? கெமிக்கலா என்ன?"

அடுப்பை அணைத்துவிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.