திரும்பி வந்த களி

வானத்தில் பறக்கும் வீரன் படம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பதுகளில் அப்படி ஒருவன் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தான்.

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பெண் பார்த்திருந்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது; நிச்சயம் மட்டும்தான் பாக்கி. அப்போது பார்த்து அவர்கள் ஊர்ப் பாறைக்குச் சினிமா கம்பெனி வந்திறங்கியது. ஓரமாக உட்கார ஆள் வேண்டும் என்றார்கள். விடுவேனா? மாப்பிள்ளை வெயிலில் காய்கிறாரே என்று பெண்ணின் அம்மா வீட்டு வேலையாளிடம் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொடுத்தனுப்பினார். நான் பாட்டுக்குச் சாப்பிடலாம், இயல்பாக இருக்கும் என்றார் கேமராக்காரர்.

வீரனும் அவன் படையும் முதுகில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பாறையிலிருந்து குதித்தார்கள். பறக்கிறவன் எதற்குக் குதிக்கிறான் என்று கேட்டேன். பிலிமைத் திருப்பி ஓட்டினால் ஜிவ்வென்று மேலே ஏறுவானாம், அதுதான் தந்திரக் காட்சியாம். அடேயப்பா என்று அடுத்த உருண்டையை விழுங்கினேன். அதே பிலிமில் நானும் இருக்கிறேன் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

படம் டூரிங் டாக்கீஸுக்கு வந்ததும் இரு வீட்டாரும் சேர்ந்தே போனோம். வீரன் பறந்தான். யார் பார்த்தார்கள்? களி தின்கிற ஊரில் எல்லார் கண்ணும் ஓரத்தில் இருந்த என் மேல்தான். நான் வாயிலிருந்து உருண்டை உருண்டையாகக் களியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் களியை மெல்லுவதில்லை, விழுங்குவதுதான். அதனால் ஒவ்வொன்றும் சிதையாமல் பளபளவென்று வந்தது. நிறைந்த தட்டைப் பெண்வீட்டு ஆளிடமே நீட்டினேன்.

மறுநாள் சமாதானம் பேச அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

"எங்கூட்டுக் களி தொண்டையில எறங்காத மாப்பிள்ள எங்களுக்கு வேணாம்" என்றார் பெண்ணின் அப்பா. பிலிம், தந்திரம் என்று விளக்கினேன். காதில் போட்டுக்கொண்டால்தானே! என் அப்பாவோ, மானம் போனது எங்களுக்குத்தான், சீராகக் கேட்ட ஜோடி மாட்டோடு ஒரு கறவையும் சேர்த்துத் தரவேண்டும் என்று எகிறினார். எரிகிற கொள்ளியில் எண்ணெய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவோரம் நின்றிருந்த அவள் தன் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "தின்ன களியவே திருப்பிக் குடுத்தவரு, மாட்ட மட்டும் வச்சிக்குவாராப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா என்னை முறைத்தார். மாடே வேண்டாம் என்று நான் பலமாகத் தலையாட்டினேன். அப்போதே முகூர்த்தம் குறித்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது அப்பா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"நீ முழுங்குனது களியில்லடா, என் ரெண்டு மாட்ட."