புது பிக்கப்புக்கு அலாரம் மாட்டினேன்

மலையூரான திரிங்காப்பில் காய்கறி வியாபாரம் செய்யும் எனக்கு, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுத் தொழிலாளர்கள் என்றாலே இளக்காரம். புது பிக்கப் வண்டி வாங்கியதும், அவர்கள் கை படக்கூடாதென்றே ரிங்லெட் டவுனில் ஒரு கடைக்கு அலாரம் மாட்டப் போனேன்.

“லேசா தொட்டாலே கத்தணும்” என்றேன்.

“காத்துக்கே கத்தும்லா, அண்ணே. கொஞ்சம் குறைச்சு வைக்கட்டா?” என்றார் கடைக்காரர்.

“வேணாம். எங்க பக்கம் எல்லாம் திருட்டுப் பசங்க.”

மறுவாரம் தோட்டத்துக் கடைக்குக் காய்கறி கொண்டுபோனேன். வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் பேசிக்கொண்டிருந்தபோது அலாரம் அலறியது. ஓடி வந்தால், கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி சக்கரத்தருகே குனிந்திருந்தாள்.

“கையை எடுடி, திருடி!”

அவள் நிமிர்ந்தாள். விரல்களில் ரத்தம்.

“வண்டி தானா உருண்டுச்சு. கீழ பிள்ளைங்க நிக்குது. அதான் கல்லு வச்சேன்.”

ஹேண்ட்பிரேக்கை நான் சரியாக இழுக்கவில்லை. சரிவின் அடியில் பள்ளி வேனுக்காக நான்கைந்து பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

“மன்னிச்சிரும்மா” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தாள். மனிதர்களை அப்படிப் பார்ப்பது எனக்குப் பழக்கம்தான். அந்தப் பார்வை என்மேல் விழுந்தது அன்றுதான் முதல்முறை.