பாதிக்கப்பட்டவரின் நாற்காலி

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் கடிதம் எழுதிப் பிழைக்கிறேன். இங்கே நடக்கும் தமிழ் ஆண்டு விழா நாடகங்களில், செத்துப்போகும் அப்பா வேடம் எப்போதும் எனக்குத்தான். நான் சாகும்போது சபையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நாடகம் முடியப்போகிற நிம்மதியாகவும் இருக்கலாம்.

இந்த இரண்டாவது தகுதிதான் அந்தப் பயிற்சி வகுப்பில் என்னைக் கவிழ்த்தது.

ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் தமிழ்நாட்டுப் பெண்கள் இங்கே நிறைய. அடிபட்டால் போய்ச் சொல்ல அவர்களுக்கு மலையாளம் வராது. அப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போக, இரண்டு மொழியும் தெரிந்த எட்டுப் பெண்களைத் தயார் செய்யத்தான் அந்த வகுப்பு. சொல்லிக்கொடுக்க எறணாகுளத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அவருடைய தமிழ் சினிமாவில் கற்றது. வீரமாக இருக்கும், அதிகம் உதவாது. எட்டுப் பேருக்கும் தெரிந்தது கடைத்தெரு மலையாளம், அவருடைய சட்ட மலையாளம் பிடிபடாது; அவர் சொல்வதைத் தமிழிலும் அவர்கள் சொல்வதை அவருக்கு மலையாளத்திலும் சொல்வது என் வேலை.

விதிகள் மூன்று. ஏன் அங்கே போனாய் என்று கேட்காதே. புத்தி சொல்லாதே. அவள் பேச்சை நிறுத்தினால் நீயும் சும்மா இரு.

“எழவு வீட்லயே நாங்க சும்மா இருக்க மாட்டோமே அண்ணாச்சி” என்றார், பள்ளுருத்தியில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா. என்னைவிடச் சின்னவர். ஊரே அக்கா என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பிறகு ஒத்திகை. ஒருவர் பாதிக்கப்பட்டவராக நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் துணையாக இருக்க வேண்டும். எட்டுப் பேரும் அந்த நாற்காலியைச் சுவரோடு தள்ளிவிட்டு எட்ட நின்றார்கள்.

“கெட்டத வாயால சொன்னா வந்து ஒட்டிக்கும்” என்றார் மாவுக்கார அக்கா. “எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க.”

“எனக்கு மட்டும் ஒட்டாதா?”

“ஒட்டுனாலும் உங்களுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது அண்ணாச்சி.”

டீச்சர் என்னைப் பார்த்தார். “சேட்டா ஒந்நு இரிக்காமோ?” என்றார், கொஞ்சம் உட்கார முடியுமா என்று. இருந்தேன்.

என் கதையில் நான் ஒரு ஹோட்டல் வேலைக்காரி. சூப்பர்வைசர் என்னை ஸ்டோர் ரூமுக்குள் இழுக்கிறான். கதவைத் தாழ்ப்பாள் போடுகிறான். அந்த நேரம் கரண்டு போய்விடுகிறது. இருட்டில் அடிக்கிறான். கரண்டு போனது நாடக அனுபவம். பயங்கரம் என்றால் விளக்கு அணைய வேண்டும். தாழ்ப்பாளுக்கு முன்னால் தொண்டை அடைத்து ஒரு நீண்ட இடைவெளி விடுவேன். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கும்.

பத்து சனிக்கிழமை இதே கதையைச் சொன்னேன். மாற்றியிருக்கலாம். நன்றாக ஓடுகிற நாடகத்தில் யார் கைவைப்பார்கள்?

ஆறாவது வாரத்தில் அவர்களுக்குக் கதை மனப்பாடம் ஆகிவிட்டது. நான் இடைவெளி விட்டால் பக்கத்திலிருந்து மெதுவாகக் குரல் வரும்: “தாழ்ப்பாள், அண்ணாச்சி. தாழ்ப்பாள்.” பேச்சு வராமல் தவிக்கும் ஒருவரை அப்படியே விடுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. டீச்சர் அதை ஆறுதல் வார்த்தை என்று நினைத்துத் தலையசைத்தார். அவருக்கு அதை மலையாளத்தில் சொல்ல வேண்டியவன் நான். நான் அழுகையில் இருந்தேன்.

“போன வாரத்தை விடக் கொள்ளாம் அண்ணாச்சி, இன்னிக்கு மூக்குலயும் வந்துச்சு” என்பார் அக்கா; கொள்ளாம் என்றால் மலையாளத்தில் நன்றாக இருக்கிறது. சான்றிதழும் பருப்பு வடையும் கொடுத்து வகுப்பை முடித்தோம்.

ஒரு மாதம் கழித்து நிஜமாகவே ஒருத்தி வந்தாள். தேனிப் பக்கத்துப் பெண், ஹோட்டல் சமையலறையில் வேலை. சூப்பர்வைசர் ஸ்டோர் ரூமில் வைத்து அடித்ததில் வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. அவள் தங்கையும் அதே சமையலறையில் வேலை செய்தாள்.

“எனக்கு நஷ்ட ஈடெல்லாம் வேணாம்ணா” என்று ஸ்டேஷன் வாசலில் என்னிடம் சொன்னாள். “அவன் அங்க இருக்கக் கூடாது. தங்கச்சி அரிசி எடுக்க அந்த ரூமுக்குத்தான் போகணும்.”

உள்ளே அவளோடு மாவுக்கார அக்கா போனார். நான் வராந்தா பெஞ்சில், ஜன்னலுக்குக் கீழே. அவள் தமிழில் சொன்னாள், அக்கா மலையாளத்தில் சொன்னார், பெண் போலீஸ் எழுதினார். ஏன் போனாய் என்று அக்கா கேட்கவில்லை. புத்தி சொல்லவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

“உள்ள இழுத்தான்…” என்றாள் அவள். பிறகு பேச்சு வரவில்லை.

ஃபேன் சத்தம் கேட்டது. போலீஸ்காரி பேனாவைத் தூக்கியபடி “எந்நிட்டு?” என்றார், அப்புறம் என்ன என்று. அவள் வாய் திறப்பதற்குள் அக்காவின் குரல், அவ்வளவு பரிவாக, மலையாளத்தில் தொடர்ந்தது: தாழ்ப்பாளைப் போட்டான், கரண்டு போயிற்று, இருட்டில் அடித்தான்.

ஜன்னலுக்குக் கீழே நான் அதைக் கேட்டேன். எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். என் வசனம் முதன்முதலாக மேடைக்கு வெளியே போகிறதே என்றுதான் ஒரு கணம் தோன்றியது. ஸ்டோர் ரூம் என்றால் கதவு இருக்கும், கதவு என்றால் தாழ்ப்பாள் இருக்கும் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுதியதை மலையாளத்தில் படித்துக் காட்டினார்கள். “நீ சொன்னதுதாம்மா” என்றார் அக்கா. அவள் இடது கைப் பெருவிரலால் ரேகை வைத்தாள்.

போலீஸ் இடத்தைப் பார்க்கப் போனபோது ஸ்டோர் ரூமுக்குக் கதவே இல்லை. இரண்டு அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே டியூப்லைட், அதற்கு இன்வெர்ட்டர்.

“வாதில் இல்லாத்த முறிக்கு குற்றி எவிடெ?” என்று எஸ்.ஐ. எங்களைக் கேட்டார். கதவில்லாத அறைக்குத் தாழ்ப்பாள் ஏது. இருட்டில் அடித்தவனின் முகத்தை எப்படிப் பார்த்தாள் என்றும் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகை, நாற்காலி, கரண்டு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மூன்றாவது விதி அவருக்கு நன்றாக வந்தது. திருத்தி இன்னொரு வாக்குமூலம் வாங்கினார்கள். முதலில் கொடுத்தது ஃபைலில் இருந்து எங்கும் போகாது என்றும், கேஸை உடைக்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது என்றும் சொல்லி அனுப்பினார்.

“நான் கதவுன்னு சொல்லவே இல்லையேண்ணா” என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்னையே சந்தேகப்பட்டுக் கேட்டாள்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி சொல்றது வாயில வந்துடுச்சு” என்றார்.

சூப்பர்வைசர் ஜாமீனில் வந்து பழைய வேலையிலேயே சேர்ந்துகொண்டான். அந்தக் கையோடு வேலை பார்க்க முடியாமல் அவள் ஊருக்குப் போனாள். தங்கையையும் கூப்பிட்டாள். அங்கே வீட்டில் ஐந்து வாய், தங்கை போகவில்லை. அந்த ஹோட்டலின் பின்சந்து வழியாகத்தான் நான் ஆபீஸ் போகிறேன். அரிசிப் பாத்திரத்தோடு சாக்கை ஒதுக்கிக்கொண்டு தங்கை உள்ளே போவது ஒருநாள் தெரிந்தது. இப்போது வேறு வழியில் போகிறேன். என்னால் முடிந்த உதவி அது.

இந்த வருடம் இரண்டாவது வகுப்பு. மாவுக்கார அக்கா வரவில்லை. புதிய எட்டுப் பேரும் நாற்காலியைச் சுவரோடு தள்ளினார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். போய் உட்கார்ந்தேன். இந்த முறை எதுவுமே சொல்லக் கூடாது, அந்த மௌனத்தை மட்டும் அவர்கள் பழகட்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று என்று நினைக்கிறேன்.

“சாருக்கு மறந்துடுச்சு போல” என்றது ஒரு குரல்.

போன வகுப்பின் நோட்டை யாரிடமோ வாங்கிப் படித்துவிட்டு வந்த ஒரு பெண் என் பக்கம் குனிந்தாள். முகத்தில் அவ்வளவு பரிவு.

“தாழ்ப்பாள், சார்” என்றாள். “தாழ்ப்பாள்.”