அவளுடைய பூஜ்யம்

எங்கள் சோதனையில் ஒன்றுமே நடக்கக் கூடாது. அதுதான் வெற்றி. லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று குறுக்கான திசைகளில் அனுப்பி, மீண்டும் சேர்த்தால் திரையில் இருளும் வெளிச்சமுமாகக் கோடுகள் விழும். மேஜையைச் சுழற்றும்போது அவை நகர்ந்தால், ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாறுகிறது என்று அர்த்தம். நகர்வு பூஜ்யம் என்றால் எல்லாத் திசையும் ஒன்றே.

என் கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. ஒளியின் குற்றமில்லை. வாசலில் போகும் லாரி, மதிய வெயில், என் கை. பக்கத்து மேஜைத் தோழியின் கோடுகள் ஏறக்குறைய அசையவே இல்லை. கருடசேவை அன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், லாரி அதிர்வு இருக்காது. நான் பெருமாளைப் பார்க்கப் போனேன். அவள் ஆய்வகத்துக்குப் போனாள். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஒரு வாரம் எரிந்தேன். பெங்களூரு ஆய்வகத்தில் எங்களில் ஒருத்திக்குத்தான் இடம்.

கருத்தரங்குக்கு மூன்று நாள் முன்பு அவளே தன் அளவுகளை என்னிடம் கொடுத்தாள். “தப்பு இருந்தா சொல்லுடி.”

பட்டியல் போட்டேன்: அறை வெப்பம், மேஜையின் சாய்வு, கண்ணாடித் திருகுகள், ஒயர். முதல் மூன்றிலும் குறை இல்லை. ஒவ்வொன்றாக அடித்தபோது எரிச்சல்தான் கூடியது. கடைசியாக, அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் மேஜையைத் திருப்பாமல் லேசர் ஒயரை மட்டும் மெல்ல இழுத்தேன். கோடுகள் நகர்ந்தன. அவள் அளவுகளில் மிச்சமிருந்த சின்ன அசைவும் அதே அளவுதான்.

அவளிடம் சொல்லவில்லை. மேஜை சுற்றும்போது ஒயர் இழுப்பதைக் கவனித்தாயா என்று கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

ஒரு நொடி திகைத்தாள். பிறகு சிரித்தாள். “அட, ஒயரா! நான் கண்ணாடியையே திட்டிக்கினு இருந்தேன்பா.”

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். “உனக்கு இது எப்பம்மா தெரியும்?”

“செவ்வாக்கெழம, சார்.”

“இன்னைக்கு வெள்ளி.” அவர் அடுத்தவரைப் பேசக் கூப்பிட்டார்.

மறுநாள் அவள் வீட்டுத் தறியிலிருந்து பட்டு நூல் கொண்டுவந்தாள். ஒயரை மேஜைக்கு நேர் மேலே, எந்தப் பக்கமும் இழுக்காதபடி தொங்கவிட வேண்டும். “நீ புடிச்சிக்கடி, நான் முடிச்சு போடுறேன்.” பிடித்துக்கொண்டேன். மேஜை சுற்றியது. கோடுகள் அசையவில்லை. இடம் அவளுக்குக் கிடைத்தது.

இப்போது பெங்களூருவிலிருந்து வாராவாரம் அளவுகளை அனுப்புகிறாள். “குறை சொல்லுடி, உன் கண்ணுக்குத்தான் தெரியும்.” அன்றே தெரிந்துவிடுகிறது. பதிலை மறுநாள்தான் அனுப்புகிறேன்.