அப்பா கொடுக்க நினைத்த துண்டு

எனக்குச் சளி பிடித்தால் எலிகளுக்கு ஒட்டிவிடும் என்று சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கிற ஊர் இந்த ஸ்காட்லாந்து. தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தும்மியதும், மேற்பார்வையாளர் மார்கரெட் "கோ ஹோம்" என்றாள். மலேசியாவில், மலாக்கா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு, மேலே உள்ளவர் வீட்டுக்குப் போ என்றால் வேலை போயிற்று என்றுதான் பொருள். மேலங்கியை மடித்து வைத்து, சாவியை அவளிடம் நீட்டினேன். "சளி விட்டதும் வருவாய்தானே?" என்று அவள் குழம்பினாள்.

எங்கள் ஆய்வகத்துச் சுண்டெலிகளுக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி கிடையாது. அதனால் அந்நியச் சதையை அவை தள்ளிவிடுவதில்லை. அறுவை சிகிச்சையில் மிஞ்சும் மனித மூச்சுக்குழாய்த் துணுக்கை முதுகுத் தோலுக்கடியில் தைத்து, மனித வெள்ளை அணுக்களையும் செலுத்துவோம். பிறகு கிருமியை விட்டு, மனித மூச்சுப்பாதை அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்ப்போம். விடுப்பில் இருந்தபோது மலாக்காவில் எங்கள் ஊரான புக்கிட் காத்திலுக்குப் போன் போட்டு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா, ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கூடத்தில் வேலை செய்தவர். இருமலுக்காக அவருக்கு யாரும் விடுப்புக் கொடுத்ததில்லை.

"அப்ப அந்த எலி இருமுமா?"

"இருமாதுப்பா. அந்தத் துண்டு வழியா காத்தே போகாது."

"காத்துப் போகாத குழாய எதுக்கும்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் இருமத் தொடங்கினார். முடியும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு அவருடைய வலது நுரையீரலில் கட்டி தெரிந்தது. புறப்பட்டுப் போனேன். மலாக்கா மருத்துவமனையில், அறுவைக்கு முதல்நாள், வெட்டி எடுப்பதை என் மகளிடம் கொடுத்துவிடுங்கள் என்று அப்பா டாக்டரிடம் மலாய் மொழியில் சொன்னார். டாக்டர் ஒரு மலாய்ப் பெண். "உங்கள் சமயச் சடங்குக்கா, பாக்சிக்?" என்று, மாமா என்றழைக்கும் மரியாதையோடு கேட்டார். எலிக்கு என்றார் அப்பா. நான் விளக்க வேண்டியதாயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்காட்லாந்து போய்ச் சேருவதற்குள் திசு செத்துவிடும் என்றார்.

"நாங்க போட்ட ஷீட்டு கப்பலேறி வெள்ளக்காரன் ஊருக்குப் போச்சு. இது ப்ளேன்ல போகாதா?"

"ரப்பருக்கு உயிர் இல்லப்பா."

"மரத்துல இருக்கையில இருந்துச்சு லா," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கட்டி புற்று இல்லை என்று முடிவு வந்தது. எடுத்ததை எடுத்துவிட்டு அவரைப் பிழைக்க வைத்தார்கள். எழுந்து உட்கார முடிந்ததும், பக்கத்துக் கட்டிலில் இருந்த சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைக்காரரிடம் அப்பா சொல்வது காதில் விழுந்தது: "என் துண்டு ஸ்காட்லாந்து போயிருச்சு. எலிக்குள்ள வச்சிருக்காங்க."

அந்த அண்ணன் என்னைப் பார்த்தார். "எலி சௌக்கியமா, தங்கச்சி?"

அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"சௌக்கியம் அண்ணே," என்றேன்.

நான் திரும்பி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா முதலில் எலியைத்தான் விசாரிப்பார். விளையாட்டாகக் கேட்கிறாரா, நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் எலிகளின் முதுகில் இருந்ததெல்லாம் யாரோ ஸ்காட்லாந்துக்காரர்களின் துண்டுகள். ஒரு வாரம் கேட்டார்:

"அங்க குளிருமே. என் துண்டுக்கு ஒத்துக்குதா?"

"ஒத்துக்கிச்சுப்பா."

"உனக்கு?"

எனக்கும் ஒத்துக்கொண்டதாகத்தான் சொன்னேன். போனுக்குள் புக்கிட் காத்தில் மழை தகரக்கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. இங்கே ஜன்னலில் பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.